ஏழரை கிலோ

இந்தத் தடவை பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் காலை நீட்டி வைத்துக்கொண்டு படிக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. என் தங்கை பேரன், கபடி ஆடுகிற பிள்ளை. அவனுக்கு முழங்காலில் ஏ.சி.எல். என்கிற லிகமெண்ட் கிழிந்து ஆபரேஷன் ஆனது உங்களில் பலருக்குத் தெரியும். வீடியோவில் அவன் ஜிம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கணுக்காலுக்கு முன்னால் இருக்கிற உருளையைக் காலால் தள்ளி, கால் நேராக நீளும் வரைக்கும் தூக்குகிறான். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைக்கிறது. கீழே, "11 வாரம், 40 கிலோ" என்று எழுதி இரண்டு நெருப்புப் படம் போட்டிருந்தான். நான் பார்ப்பதற்குள் பதினாறு பேர் கட்டைவிரல் உயர்த்தியாகிவிட்டது. அவன் அம்மா கும்பிடுகிற கை போட்டிருந்தாள்.

நானும் போடப் போனேன். விரல் அப்படியே நின்றுவிட்டது.

உடனே அவனுக்கு போன் பண்ணினேன். "ஏம்பா, உன் பிசியோதெரபிஸ்ட் இதைச் செய்யச் சொன்னாரா?" என்றேன். "இல்ல தாத்தா, நான் எக்சர்சைஸா பண்ணல. எவ்ளோ பலம் வந்திருக்குன்னு ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். அவ்ளோதான்" என்றான்.

அந்த "அவ்ளோதான்" இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தப் பதிவு. போன வருஷம் அதே வார்த்தையை என் மனைவியிடம் நான் சொன்னேன். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் அவன் கதையை இங்கே எழுதுகிறேன். என் கதையை எழுத யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வீட்டில் மட்டும் ஒரு வார்த்தை கேட்டேன். "அந்த டாக்டர் சீட்டு விஷயத்தையும் மறைக்காம எழுதுங்க" என்று உத்தரவு.

போன ஆடி மாசம், கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்தேன். வலது முட்டி நேராகச் சிமெண்ட் தரையில் மோதியது. முட்டிச் சில்லு குறுக்கே இரண்டாக உடைந்துவிட்டது. மறுநாள் ஆபரேஷன். இரண்டு மெல்லிய கம்பிகளைச் செருகி, அவற்றைச் சுற்றி எட்டு போட்ட மாதிரி இன்னொரு கம்பியால் இறுக்கிக் கட்டினார்கள். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். பந்தல்காரன் மூங்கிலை இறுக்கிக் கட்டியது போல இருந்தது.

ஆறாவது வாரம் முட்டி 90 டிகிரி மடங்கியது. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பிசியோதெரபி கிளினிக். அங்கே இருந்த பையன் நல்ல பையன், சுறுசுறுப்பு. அவனை நான் குறை சொல்லப் போவதில்லை, பாதிக் குறை என்னுடையது. ஏழாவது வாரம் ஒரு நாள், "சார், இன்னைக்கு உங்க பலம் எவ்வளவுன்னு டெஸ்ட் பண்ணிடலாமா? அதை வச்சுத்தான் அடுத்த பயிற்சிக்கு எடை போடணும்" என்றான். கேட்டதும் எனக்கு ஒரே உற்சாகம். முப்பத்து நான்கு வருஷம் மற்றவர்களுக்குத் தேர்வு வைத்தவனுக்கு, வெகுநாள் கழித்து ஒருவர் தேர்வு வைக்கிறார்.

"டாக்டர் எடை தூக்கலாம்னு சொல்லிட்டாரா சார்?" என்று அவன் கேட்டான். "எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டார்" என்றேன். டாக்டர் சொன்னது அதுவல்ல. "எடை போட்டுச் செய்யும் பயிற்சி அடுத்த எக்ஸ்ரே பார்த்த பிறகு" என்று சீட்டில் எழுதியே கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு வீட்டில் எக்ஸ்ரே கவருக்குள் கிடந்தது. நான் காட்டவில்லை. அவனும் காட்டச் சொல்லவில்லை.

குவாட்ரிசெப்ஸ் டேபிள் என்று ஒன்று எல்லா பிசியோதெரபி கிளினிக்கிலும் இருக்கும். மேசை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். கணுக்காலை ஒரு இரும்புக் கரத்தோடு சேர்த்து வாரால் கட்டுவார்கள். அந்தக் கரத்தில் எடைத் தகடுகளை மாட்டுவார்கள். காலை நீட்டினால் எடையும் சேர்ந்து எழும்பும். முதலில் இரண்டரை கிலோ. சுலபமாக நீட்டினேன். பிறகு ஐந்து. சில்லுக்கு நடுவில் ஊசி குத்துவது போல ஒரு வலி. "வலிக்குதா சார்?" என்றான். "இல்லப்பா, போடு" என்றேன். ஏழரை போட்டான். "சூப்பர் சார், இன்னும் கொஞ்சம், விடாதீங்க, விடாதீங்க" என்று பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்தினான். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அம்மாள்கூட எட்டிப் பார்த்தார். கால் கிட்டத்தட்ட நேராகும் நேரத்தில் உள்ளே "டக்" என்று ஒரு சத்தம்.

ஏழரை என்ற எண்ணைப் பற்றி என் மனைவி ஒரு விளக்கம் வைத்திருக்கிறாள். அது சனி பகவான் சம்பந்தப்பட்டது. நான் இயற்பியல் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பத்தாம் வகுப்பில் நெம்புகோல் நடத்தியது நினைவிருக்கிறதா? ஆதாரப் புள்ளி ஒரு முனையில், பளு மறு முனையில், திறன் நடுவில் இருந்தால் மூன்றாம் வகை. இடுக்கியை உதாரணம் சொல்லுவேன். உங்கள் முழங்காலும் அதே வகைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். என் எடை 70 கிலோ. முட்டிக்குக் கீழே, பாதம் உள்பட, உடல் எடையில் சுமார் 6 சதவீதம். ஆக 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதன் எடை மையம் முட்டியிலிருந்து ஏறத்தாழ 24 செ.மீ. தள்ளி இருக்கிறது. தொடைத் தசை இழுக்கிற கோடோ மூட்டின் அச்சிலிருந்து 4 அல்லது 5 செ.மீ. தூரத்தில்தான் போகிறது. 4.5 என்று வைத்துக்கொள்வோம். வெறும் காலைக் கிடைமட்டமாக நீட்டிப் பிடிக்கவே தசை சுமார் 22 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டும். கணுக்காலில், 40 செ.மீ. தூரத்தில், ஏழரை கிலோவை மாட்டினால் அதற்கு மட்டும் இன்னொரு 67. கூட்டினால் 89.

அதாவது, தகட்டில் எழுதியிருந்தது ஏழரை. கூடிக்கொண்டிருந்த என் சில்லின் நடுவே இழுத்தது மூன்றரை அரிசிச் சிப்பம். மேலே தசை ஒரு பக்கம் இழுக்க, கீழே தசைநார் மறு பக்கம் இழுக்க, நடுவில் அந்த விரிசலும் ஒரு கட்டுக்கம்பியும். இது போதாது என்று, காலை நீட்டுகிற கடைசி 15 டிகிரிக்குத் தொடைத் தசை ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல் விசை போட்டாக வேண்டும் என்று 1968-லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம், விடாதீங்க" என்று அவன் சொன்னது சரியாக அந்த இடத்தில்தான்.

இந்தக் கணக்கை நான் எத்தனை வருஷம் கரும்பலகையில் போட்டேன்! டேபிளில் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷம் ஒரு வரி நினைவுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியது. காலைத் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிந்தது, ஆனால் முழுசாக நேராகவில்லை. ராத்திரி வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. பத்து மணிக்கு மேல்தான், "ஏங்க, கால ஏன் தலையணை மேல வச்சிருக்கீங்க?" என்று பிடித்துவிட்டாள். "ஒண்ணுமில்ல, சும்மா ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, அவ்ளோதான்" என்றேன்.

மறுநாள் எக்ஸ்ரே. ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு துண்டுக்கும் நடுவில் முன்பக்கம் 2 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு கம்பி நழுவி மேலே வந்திருந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இன்னும் கொஞ்சம் விலகியிருந்தா திரும்ப ஆபரேஷன்தான் சார்" என்றார். மறுபடி ஐந்து வாரம் நேரான பிரேஸ். மகள் வளைகாப்பின்போது நான் மண்டபத்தின் ஓரமாக, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தேன். வளையல் போட அவள்தான் எழுந்து என்னிடம் வந்தாள். இன்றைக்கும் என் வலது கால் கடைசி ஐந்து டிகிரி தானாக நீளாது. கையால் தள்ளினால் நேராகும், தசையால் நேராக்க முடியாது. படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அதை உணர்கிறேன்.

பிரேஸோடு கிடந்த அந்த நாட்களில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப மனசுக்கு வந்தது. ஒன்று, நம் ஆய்வகத்துச் சுருள்வில். ஹூக் விதிக்குச் சோதனை செய்ய 50 கிராம், 50 கிராமாக எடை ஏற்றச் சொல்லுவேன். ஒவ்வொரு வருஷமும் எவனாவது ஒருத்தன், "எவ்வளவு தாங்குதுன்னு பார்ப்போம்" என்று இருக்கிற எடையையெல்லாம் மாட்டிவிடுவான். மீட்சி எல்லையைத் தாண்டிவிட்ட வில் பழைய நீளத்துக்குத் திரும்பாது. எவ்வளவு தாங்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். எனக்கு அடுத்த வகுப்புக்கு வில் இருக்காது. நான் சத்தம் போடுவேன். "சார், நான் ஒடைக்கல சார், டெஸ்ட்தான் பண்ணேன்" என்பான்.

இன்னொன்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தொண்ணூறுகளில் ஒரு செய்முறைத் தேர்வு. நீராவியின் உள்ளுறை வெப்பம் காணும் சோதனை. ஒரு மாணவன் ரப்பர் குழாயைக் கலோரிமானிக்குள் விடும்போது அது நழுவி, நீராவி அவன் மணிக்கட்டில் அடித்துவிட்டது. அவன் கத்தவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு கடைசி அளவீடு வரைக்கும் எடுத்து, விடைத்தாளைக் கொடுத்துவிட்டுத்தான் கையைக் காட்டினான். தோல் வழன்றிருந்தது. அவனைத் தண்ணீர்க் குழாய்க்குக் கூட்டிப்போனேன், மருந்து போட்டேன். அதெல்லாம் சரி. மறுநாள் பிரேயரில் அவனை முன்னால் நிறுத்தி, "இவனைப் பாருங்கள், வலியைப் பொறுத்துக்கொண்டு தேர்வை முடித்தான்" என்று கை தட்டச் சொன்னேன். நானூறு பேர் கை தட்டினார்கள். குவாட்ரிசெப்ஸ் டேபிளில் "இல்லப்பா, வலிக்கல" என்று நான் சொன்னபோது அந்தக் கைதட்டல்தான் எனக்குள் கேட்டிருக்க வேண்டும்.

சரி, பிறகு என்ன ஆனது என்று சொல்கிறேன். நம் பள்ளியில் படித்த ஒரு மாணவி இப்போது பிசியோதெரபிஸ்ட். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிரேஸ் கழற்றிய பிறகு அவளிடம் போனேன். முதல் நாளே நான் சொன்னேன், "எனக்குப் பயிற்சி கொடும்மா. டெஸ்ட் மட்டும் வேண்டாம்." அவள் சிரித்தாள். "டெஸ்ட் பண்ணாம எப்படி சார்? கால் பலவீனமா இருக்கிறது தெரியாமலே நீங்க பஸ் ஏறினா அடுத்த தடவை இடுப்பு ஒடையும்." அது நியாயம்தான். அளக்காமல் இருப்பதும் ஆபத்து. அளக்கிற விதம்தான் கேள்வி.

அவள் அளந்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு இரண்டையும் கேட்டு வாங்கிப் படித்தாள். அடுத்து முட்டியின் உள்பக்கம் மெல்லத் தடவி மேலே தள்ளி, வெளிப்பக்கம் ஒரு தட்டு. உள்ளே நீர் இருந்தால் இந்தப் பக்கம் சின்னதாக உப்பும். "நீர் கோத்திருந்தா இன்னைக்கு டெஸ்ட் கிடையாது சார். முட்டிக்குள்ள ரெண்டு மேசைக்கரண்டி அளவு நீர் இருந்தாலே நரம்பு, தொடைத் தசையை முழுசா வேலை செய்ய விடாது. அப்ப நான் அளக்கிறது உங்க பலத்தை இல்ல, வீக்கத்தை." அன்று நீர் இருந்தது. ஆகவே சோதனை இல்லை. பஸ் ஏறி வந்தவனுக்கு ஏமாற்றம். பத்து நாள் கழித்துத்தான் நடந்தது.

அன்றும் முதலில் நல்ல காலைச் சோதித்தாள். எப்படித் தள்ள வேண்டும் என்று அந்தக் கால் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக. அடிபட்ட காலுக்கு அன்று வெறும் ஒத்திகை மட்டும், எண் எழுதவில்லை. தகடு கிடையாது. கால் தொங்குகிற நிலையிலேயே ஒரு வாரால் மேசையோடு கட்டிவிட்டு, உள்ளங்கை அளவில் ஒரு கருவியை வாருக்கும் காலுக்கும் நடுவில் வைத்தாள். கால் நகராது, தள்ளுகிற விசையை மட்டும் கருவி காட்டும். "ஒரேயடியா உதைக்காதீங்க. மூணு எண்ணுற வரைக்கும் மெல்ல ஏத்துங்க, அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிங்க, மெல்ல விடுங்க. மூச்சைப் பிடிக்கக் கூடாது, உங்களுக்கு பி.பி. இருக்கு." கருவியை முட்டியிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி வைத்தாள் என்று டேப்பால் அளந்து குறித்துக்கொண்டாள். அடுத்த தடவை இடம் மாறினால் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாதாம். "திருப்புத்திறன்!" என்றேன். "ஆமா சார், விசை பெருக்கல் தூரம். நீங்கதான் இம்போசிஷன் எழுத வச்சீங்க" என்றாள்.

இந்தத் துறையின் பழைய கதைகளையும் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கையாலேயே தசைப் பலத்தைச் சோதிக்கிற முறை போலியோ வந்த குழந்தைகளுக்காக உண்டானது. அமெரிக்காவில் பாஸ்டனில் ராபர்ட் லவெட் என்ற டாக்டரிடம் வேலை பார்த்த வில்ஹெல்மின் ரைட் என்ற அம்மையார் 1912-ல் அதை எழுதி வெளியிட்டார். இப்போது அதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். பூமியின் ஈர்ப்பை எதிர்த்துத் தூக்கினால் 3. மேலே அழுத்துகிற கையையும் எதிர்த்து நின்றால் 4, 5. பத்து முறை மட்டும் தூக்க முடிகிற எடையை அளவுகோலாக வைக்கிற வழக்கம் தாமஸ் டிலார்ம் என்ற ராணுவ டாக்டருடையது. இரண்டாம் உலகப்போரில் அடிபட்ட சிப்பாய்களின் தொடைத் தசையைத் தேற்ற அவர் கையாண்டு, 1945-ல் எழுதினார். கால் சுற்றுகிற வேகத்தை இயந்திரமே கட்டுப்படுத்தி விசையை அளக்கும் பெரிய கருவிகள் அறுபதுகளின் கடைசியில் வந்தன.

கையால் சோதிப்பதுதானே, அதில் என்ன ஆபத்து என்று நினைத்தேன். அதுவும் அப்படியில்லையாம். "தாங்குங்க, விடாதீங்க" என்று சொல்லிக் கணுக்காலில் கையை வைத்துத் தசை தோற்கும்வரை அழுத்தி மடக்குகிற ஒரு விதம் உண்டு. தசை நீண்டுகொண்டே எதிர்க்கும்போது சாதாரணமாகத் தருவதைவிட அதிக விசை தரும். சில்லிலும் தசைநாரிலும் அந்த இழுப்பு விழும். கணுக்காலில் அழுத்தினால் நெம்புகோல் நீளம் வேறு. "புண்ணான முட்டிக்கு நான் கையை மேல தள்ளி வைப்பேன் சார், தோற்கிற வரைக்கும் அழுத்த மாட்டேன்" என்றாள்.

வலிக்கு அவளிடம் ஒரு எண் சொல்ல வேண்டும். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்க முடியாது. 3 தாண்டினால் நிறுத்தம். முதல் தடவை கேட்டபோது, பழக்க தோஷம், "ஒண்ணு" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "சார், உண்மையைச் சொல்லுங்க. இதுல பாஸ் ஃபெயில் கிடையாது." "நாலு" என்றேன். வாரை அவிழ்த்துவிட்டாள்.

இனி பேரன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் வீடியோவை அவளிடம் காட்டினேன். அவனுடைய ஆபத்து என்னுடையதிலிருந்து வேறு. அவனுக்குத் தொடையின் பின்பக்கத்துத் தசைநாரை எடுத்து, கிழிந்த லிகமெண்டுக்குப் பதிலாக வைத்திருக்கிறார்கள். வைத்த அன்று அது ரத்த ஓட்டம் இல்லாத ஒரு கயிறு. உடம்பு அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ள மாதக்கணக்காகும். இடையில், முதல் சில மாதங்களில், ஆபரேஷன் நாளில் இருந்ததைவிடவும் அது பலம் குறைந்து கிடக்கிற காலம் ஒன்று வரும். வேடிக்கை என்னவென்றால் அதே நேரத்தில்தான் வலியும் வீக்கமும் போய், "எனக்கு எல்லாம் சரியாப்போச்சு" என்று பையனுக்குத் தோன்றும்.

அந்த ஜிம் நாற்காலியில் முட்டி 90 டிகிரி மடங்கியிருக்கும்போது பயம் குறைவு. ஏறக்குறைய 45 டிகிரியிலிருந்து நேராகும் வரை உள்ள தூரத்தில்தான் தொடைத் தசை கீழ்க்கால் எலும்பை முன்பக்கமாக இழுக்கிறது. அப்படி முன்னால் போகாமல் பிடித்துக்கொள்வதுதான் ஏ.சி.எல்.லின் வேலையே. அவன் 40 கிலோவைப் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை நீட்டியிருக்கிறான். அதனால்தான் இந்தச் சமயத்தில் பலம் பார்க்க வேண்டுமென்றால் காலை மடக்கிய நிலையிலேயே, நகராமல், மெல்லத் தள்ளச் சொல்லிப் பார்ப்பார்கள். தசைநார் எடுத்த இடமும் ஆறிக்கொண்டிருக்கும். குப்புறப் படுத்துக் காலை மடக்கும் எந்திரத்தில் முழுப்பலம் காட்டினால் தொடையின் பின்பக்கம் கிழியலாம். சிலருக்கு முட்டிச் சில்லோடு ஒட்டிய தசைநாரை எலும்புத் துண்டோடு எடுப்பதுண்டு. அவர்களுக்குப் பலம் சோதிக்கும்போதே சில்லு உடைந்ததுகூட அபூர்வமாக நடந்திருக்கிறது. இதை மட்டும் என்னால் சுலபமாகக் கற்பனை செய்ய முடிகிறது.

அவன் கேட்டான், "அப்ப எப்பதான் தாத்தா களத்துல இறங்குறது?" அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவனுடைய டாக்டரும் பிசியோதெரபிஸ்டும். 9 மாதத்துக்கு முன் வேண்டாம் என்பதுதான் பலரும் வைத்திருக்கிற கணக்கு. அதோடு நல்ல காலின் பலத்தில் குறைந்தது 90 சதவீதமாவது வர வேண்டும், ஒற்றைக்காலில் தாண்டிக் காட்ட வேண்டும். அதிலும் ஒரு சூது உண்டு. மாதக்கணக்கில் ஆடாமல் கிடந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்த காலோடு ஒப்பிட்டு 90 வாங்கிவிட்டால் அந்த மார்க்குக்கு அர்த்தமில்லை. நம் பள்ளியில் வகுப்பே ஃபெயிலான வருஷம் 41 எடுத்தவன் முதல் ரேங்க் வாங்கியது போல.

உறவினர்களில் மூட்டுத் தேய்மானம் உள்ள அண்ணி, சித்தி எல்லோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பலத்தைப் பார்க்க எடையே தேவையில்லை. கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுகிற சோதனை ஒன்று இருக்கிறது. அதையும் பேரப்பிள்ளைகளோடு போட்டி போட்டுச் செய்ய வேண்டாம். சுவர் ஓரமாக நாற்காலி போட்டு, பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு, முதல் தடவை தெரிந்தவர் முன்னால் செய்யுங்கள். பெரியண்ணி, இது உங்களுக்குத்தான்.

பையன் அந்த வீடியோவை நேற்று நீக்கிவிட்டான். அவன் பிசியோதெரபிஸ்ட் முட்டியைப் பார்த்துவிட்டு, வீக்கம் இல்லை, லிகமெண்ட் பிடிப்பாகத்தான் இருக்கிறது என்றாராம். கேட்ட பிறகுதான் என் தங்கை சாப்பிட்டாள். நீக்கும்வரைக்கும் கட்டைவிரல்கள் இருபத்தொன்று ஆகியிருந்தன.

எனக்கு வியாழக்கிழமை அடுத்த சோதனை. போன தடவை நல்ல காலோடு ஒப்பிட்டால் 64 சதவீதம் இருந்தது. 70-ஐத் தாண்ட வேண்டும் என்று ஆசை இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். என் மனைவியும் கூட வருகிறாள். வலி எண்ணை நான் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சரி பார்ப்பது அவள் வேலையாம்.

நீராவி பட்ட அந்தப் பையன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று நினைக்கிறேன். இப்போது அவனுக்கே நாற்பதைத் தாண்டியிருக்கும். தம்பி, நீ இதைப் படித்தால் ஒரு போன் பண்ணு. அன்றைக்குக் கையில் பட்டவுடனே ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று நான் உன்னிடம் கேட்கவே இல்லை. தழும்பு இன்னும் இருக்கிறதா?